இன்னும் ஒரே ஒரு பார்ட்ஸ்

தென்காசியில் சைக்கிள் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுகிறவர்கள் ஒரு வகை, மாட்டுகிறவர்கள் இன்னொரு வகை. ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறுவார்கள், மிதிப்பார்கள், போய்ச் சேருவார்கள். அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது மாட்டுகிறவனை.

அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கே மலை மேகத்துக்குள் போய்விட்டது, சாரல் பொடிப்பொடியாக விழுகிறது, ஊர் மொத்தமும் தலையில் நல்லெண்ணெயும் தோளில் துண்டுமாகக் குற்றாலம் பஸ்ஸுக்கு ஓடுகிறது. அந்த நேரத்தில் எந்த வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் தலைகீழாக, இரண்டு சக்கரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரன்தான். பக்கத்தில் பழைய பேப்பர் விரித்திருக்கும். அதன்மேல் நட்டு ஒரு குவியல், வாஷர் ஒரு குவியல். வீட்டில் ரசம் ஊற்ற வைத்திருந்த கிண்ணத்தில் மண்ணெண்ணெய், அதற்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் முங்கிக் கிடக்கும். அவன் குத்தவைத்து உட்கார்ந்து, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ரெடியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள்.

"எல்லாம் முடிஞ்சுட்டு. இன்னும் ஒரே ஒரு பார்ட்ஸ். அதை மட்டும் மாட்டிட்டோம்னு வைங்க, வண்டி எங்கியோ போயிரும்!"

எங்கே போகும்? அதைச் சொல்லமாட்டான். இந்த வகையறாவின் வண்டி இதுவரை எங்கேயும் போனதாகத் தகவல் இல்லை.

வண்டி மெதுவாகப் போனால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? கொஞ்சம் அழுத்தி மிதிக்கவேண்டும் என்று நினைப்போம். அவன் அப்படி நினைக்கமாட்டான். செயினைச் சந்தேகப்படுவான், பல்சக்கரத்தைச் சந்தேகப்படுவான், டயரில் காற்று அடித்துக்கொடுத்தவனின் நேர்மையைச் சந்தேகப்படுவான், ஊர்க் காற்றைச் சந்தேகப்படுவான். தன் தொடையை மட்டும் சந்தேகப்படமாட்டான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்குப் போவதற்கு முன்னால் வாசலில் நிறுத்தியிருக்கும் சைக்கிள்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவான். துட்டி வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் செத்தவரின் சைக்கிள் மேல்தான் போகும். "நல்ல மனுசன். அன்னா, அந்தக் காலத்து சீமைச் செயின். ஒரு பொட்டுத் துரு இல்ல பாருங்க" என்று பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்லுவான். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் சொருகியிருக்கும். எதற்கு? எங்கேயாவது ஒரு நட்டு லூசாக இருந்துவிட்டால்?

இவ்வளவு நுணுக்கமாக உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள். அந்த ஆசாமியின் பெயர் குத்தாலிங்கம். தென்காசியில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்தவன். இப்போது விளாத்திகுளத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆமாம், நானேதான். சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் நேரம் இருக்காது.

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் எனக்குக் கல்யாணம். பெண், மலையடிவாரத்து வடகரை. பெயர் சந்தனமாரி. மறுவீட்டுக்குப் போன இடத்தில் கொழுந்தியாள்மார் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, "அத்தான், எங்க அக்காவ எங்கன கூட்டிட்டுப் போவிய?" என்று கேட்டார்கள். நல்ல கறிச்சாப்பாடு சாப்பிட்ட தெம்பு. புதுச் சட்டை வேறே. "வார சீசனுக்கு உங்க அக்காவ சைக்கிள்ல பின்னால வச்சி, தென்காசியிலேருந்து ஐந்தருவி வரைக்கும் டபுள்ஸ், ஒரு எடத்துலகூடக் கால் ஊனாம ஏறிக் காட்டுதேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கொழுந்தியாள்மார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சந்தனமாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதை நிஜமென்று நம்பிவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அவள் அருவி பார்க்காதவள் அல்ல. அருவிக் காற்றிலே வளர்ந்தவள். "அருவி நான் பாக்காததா? உங்க பின்னால உக்காந்து போணும், அம்புட்டுத்தான்" என்றாள். தென்காசிக்கு வந்த முதல் மாதமே பழைய சேலைத் துணிக்குள் இலவம்பஞ்சு வைத்து, கேரியர் அளவுக்கு ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்துக்கொண்டாள். நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா வேறே.

தென்காசியிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம்? ஒரு பாட்டை இரண்டு தரம் பாடி முடிப்பதற்குள் பஸ்ஸில் நடுவே இருக்கிற மேலகரத்தைத் தாண்டிவிடலாம். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குத்தான் ஏற்றம். அதோடு சீசன் காற்று இருக்கிறதே, அது செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்து நேரே நம் நெஞ்சில் வந்து அடிக்கும். குற்றாலம் போகிறவனுக்கு முழுக்க எதிர்காற்று. ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்தால் என்ன வேண்டும்? நல்ல வண்டி வேண்டும். என் புத்தி இப்படித்தான் ஓடியது.

முதலில் விளக்குக்கு டைனமோ மாட்டினேன்.

"பகல்லலா போறோம்? டைனமோ எதுக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு எங்கள் வகையறாவில் பதில் சொல்லுகிற வழக்கமில்லை. டைனமோ டயரில் உரசுகிறதா, உரசினால் எவ்வளவு இழுக்கிறது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவேண்டுமா, எடுத்தால் அச்சையும் பார்த்துவிடலாமா என்று அதிலேயே ஆனியும் ஆடியும் போய்விட்டன. ஒருநாள் பார்த்தால் மலை பளிச்சென்று தெரிந்தது. மேகம் இல்லை. சீசன் முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் சீட். மூணு ஸ்பிரிங் போட்ட தோல் சீட், மதுரையிலிருந்து வரவழைத்தேன். அதைத் தேங்காயெண்ணெய் தடவிப் பழக்கவேண்டும், ஒரு சீசன் பழகினால்தான் உட்காரவே முடியும் என்றேன். "நான் உக்காரப் போறது பின்னாலலா?" என்றாள். நான் சீட்டுக்கு இன்னும் ஒரு கை எண்ணெய் தடவினேன்.

இந்த இடத்தில் சுடலையாண்டி அண்ணாச்சியைச் சொல்லியாகவேண்டும். ரயிலடிப் பக்கம் சைக்கிள் கடை. ரிப்பேரும் உண்டு, வாடகைக்கும் விடுவார். என்னைப்போல ஒரு கிராக்கி கிடைத்தால் வேறு எவனாக இருந்தாலும் கல் வீடு கட்டியிருப்பான். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் இல்ல சார்வாள். ஏறி மிதிங்க" என்று அனுப்பிவிடுவார். எனக்கு அவர்மேல் ஒரு பரிதாபம். பாவம், தொழில் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் எனக்கு ஞானோதயம் ஆயிற்று. இத்தனை நாளும் மாட்டிக்கொண்டே இருந்தது தப்பு. கழற்றவேண்டும்! ஏற்றத்துக்கு எதிரி எடை. மட்கார்டு இரண்டும் போயிற்று, செயின் கவர் போயிற்று, ஸ்டாண்டு போயிற்று, பெல்லைக்கூடக் கழற்றிவிட்டேன். வாய் இருக்கிறதே, கத்தினால் போகிறது. ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு வண்டி இறகு மாதிரி நின்றது. "ஏட்டி, கெளம்பு! இன்னைக்குப் போறோம்!" என்று கூவினேன். அவள் ஓடி ஓடிக் கிளம்பினாள். தலையில் எண்ணெய், கையில் சீயக்காய்ப் பொட்டலம், மாற்றுச் சேலை, தூக்குவாளியில் புளியோதரை, கக்கத்தில் அந்த மெத்தை. வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நான் எங்கன உக்கார?"

கேரியரையும் கழற்றியிருந்தேன்.

அன்றைக்குப் புளியோதரையை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.  "புளி கொஞ்சம் தூக்கல்" என்று நான்தான் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தேன்.

இதெல்லாம் ஆபீசுக்குத் தெரியாமல் இருக்குமா? நானே போய்ச் சொல்லுவேனே! எங்கள் ஹெட்கிளார்க் ஹரிஹரசுப்பிரமணியன், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ஓய் குத்தாலிங்கம், உம்ம வண்டி குத்தாலம் போறதுக்குள்ள குத்தாலமே எறங்கி வந்து உம்மைப் பாத்துட்டுப் போயிடும் போலிருக்கே" என்பார். "பேர் மட்டும் குத்தாலிங்கம்!" என்று டைப்பிஸ்ட் ஷரீபுன்னிசா சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்த அம்மாள்தான் என்னைக் கெடுத்தார் என்றும் சொல்லவேண்டும். அவருடைய அண்ணன் பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு மூணு ஸ்பீடு கியர் கொண்டுவந்தார். "எங்க வீட்ல சும்மாதானே கெடக்கு, நீங்க வச்சுக்கிடுங்க சார்" என்று ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

கியர்! பின்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே மூணு வேகம். ஏற்றத்தில் ஒன்று, சமதரையில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே போக்ஸ் கம்பி கோக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: என் ரிம்மில் துளை நாற்பது, கியர் ஹப்பில் துளை முப்பத்தாறு. நாலு துளைக்கு மாப்பிள்ளை இல்லை. முப்பத்தாறு துளை ரிம் தேடி ஆலங்குளம் போனேன், திருநெல்வேலி போனேன், கீழப்பாவூரில் ஒரு பழைய மிராசுதார் வீட்டுத் தொழுவத்தில் சீமை சைக்கிள் ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். இவ்வளவு அலைச்சலும் பஸ்ஸில். நாலாவது சீசன் அப்படிப் போயிற்று. கீழப்பாவூரில் ரிம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்குள் புரட்டாசி.

"ஒரு நா பஸ்ஸுலயாவது போயிட்டு வந்துருவோமா?" என்று நான்தான் ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ஸுல என்னைக்கும் போலாம். நீங்க சொன்னது சைக்கிள்லலா" என்றாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. விளாத்திகுளம். ஆடி கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும். கரிசல் காடு, வெயில், உப்புத் தண்ணீர். வீட்டுக்கு வந்து சொன்னேன். சந்தனமாரி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கன அருவி கெடையாது."

"கெடையாது."

"ஆடி முடியறதுக்குள்ள ஒரு நா. ஒரே ஒரு நா. நான் வேற என்ன கேட்டேன் உங்கள்ட்ட?"

ஐந்து வருஷத்தில் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.  "வார ஞாயித்துக்கெழம. சத்தியமா" என்றேன். நான் அதை மனசாரத்தான் சொன்னேன். எங்கள் வகையறாவின் பெரிய ஆபத்தே அதுதான், மனசாரத்தான் சொல்லுவோம்.

வண்டி அந்த வாரம் உண்மையாகவே தயாராக இருந்தது. கியர் மாட்டியாயிற்று. கேரியர் திரும்ப வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சுடலையாண்டி அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் தொடாதிய சார்வாள். நாளைக்குக் காலையில ஏறி உக்காந்து போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். நான் தொடாமல்தான் இருந்தேன். ஒரு மணி நேரம் இருந்தேன். வண்டியைச் சுற்றி நடந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. புது ரிம் பளபளவென்று மின்னிற்று. சாரலில் துருப் பிடித்துவிடாதா?

உள்ளே சந்தனமாரி மறுநாளைக்காக நல்லெண்ணெய் காய்ச்சி இறக்கியிருந்தாள். மிளகும் சீரகமும் போட்டு, வாசனை வீடெல்லாம் அடித்தது. எண்ணெய் தேய்க்காமல் இந்தப் பக்கத்து மனுசன் எவனாவது அருவிக்குப் போவானா? போகமாட்டான். அப்படியானால் வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது?

கிண்ணத்தோடு எடுத்து வந்து தேய்த்தேன். ஹேண்டில்பார், ஃபிரேம், போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாக, ரிம் இரண்டுக்கும் ஒன்றுக்கு இரண்டு தரம். நன்றாக ஊறட்டும் என்று அரைமணி நேரம் விட்டேன். பிறகு ஒரே ஒரு சோதனை ஓட்டம் என்று ஏறினேன்.

சைக்கிள் பிரேக் என்றால் என்ன? ரப்பர்க் கட்டை ரிம்மைக் கவ்விப் பிடிப்பது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஐந்து வருஷம் சைக்கிளைக் கரைத்துக் குடித்தவனுக்கு கோயில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் திரும்புகிறபோதுதான் ஞாபகம் வந்தது. கோயில் வாசல் காற்று முதுகில் பிடித்துத் தள்ளுகிறது, பினாங்கு கியர் மூணாவது வேகத்தில் பிரமாதமாகச் சுற்றுகிறது, எதிரே குழாயடியில் நாற்பது குடம் வரிசையாகத் தண்ணீருக்குக் காத்து நிற்கிறது. பிரேக்கைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. பெல்? அதை நான் திரும்ப மாட்டவே இல்லை.

"வழி! வழி!"

பெண்கள் சிதறி ஓடினார்கள். குடங்கள் ஓடுமா? எவர்சில்வரும் பித்தளையும் ஈயமுமாகத் தெரு முழுக்க உருண்டு எழுப்பிய சத்தத்தில் கோயில் யானை பிளிறியதாகச் சொல்லுகிறார்கள். நான் பார்க்கவில்லை, நான் கீழே கிடந்தேன். "ஏ சார்வாள், கண்ணு எங்கன வச்சிருக்கிய?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். இன்னொருத்தி தன் குடத்தின் நசுங்கலைத் தடவிக்கொண்டே என் முழங்காலில் தண்ணீர் ஊற்றினாள்.

சுடலையாண்டி அண்ணாச்சி வந்தார். முன்சக்கரம் நெளிந்து கிடந்தது, ஃபோர்க் வளைந்துவிட்டது. ரிம்மை ஒரு விரலால் தடவி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார்வாள், இது நல்லெண்ணெய்லா?"

"ஆமா."

"ரிம்முக்குமா தேய்ச்சிய?"

"ஆமா."

அண்ணாச்சி விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தலைக்குத் தேய்ச்சிருந்தாலும் கொஞ்சம் சூடு கொறஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. சந்தனமாரி முந்தின நாள் மஞ்சள் பற்றுப் போட்டதோடு சரி.  மிச்சமிருந்த எண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். சீயக்காய், மாற்றுச் சேலை, தூக்குவாளி எல்லாம் எடுத்து வைத்தாள். மெத்தையையும் எடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸுக்குப் போகிறாள், போகட்டும், அவளாவது குளிக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸுக்கு எதற்கு மெத்தை என்று தோன்றிற்று. வடகரைக்கே போய்விட்டாளோ? 

கால்மணி நேரத்தில் வாசலில் பெல் சத்தம். நொண்டிக்கொண்டு வந்து பார்த்தேன். சுடலையாண்டி அண்ணாச்சி கடையில் ஒரு லேடீஸ் சைக்கிள் உண்டு. எவரும் எடுக்காமல் மூலையிலேயே நின்று பச்சைப் பெயிண்ட் உரிந்துபோனது. மட்கார்டில் வெள்ளையாகப் 'பதினாலு' என்று நம்பர். அதன்மேல், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என் பெண்சாதி!

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாட்டி?"

"வடகரையில எங்க ஐயாவுக்கு வயலுக்குச் சோத்துவாளி பின்ன யாரு கொண்டுபோனது?"

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டாத்தான. உங்களுக்கு வண்டியப் பேசவே நேரம் சரியாப் போச்சு. ஏறுங்க."

கேரியரில் அந்த மெத்தை, நாலு நாடாவும் முடிந்து கட்டப்பட்டிருந்தது. ஐந்து வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்ததில் பாச்சாஉருண்டை வாசனை. அதில் நான் உட்கார்ந்தேன். வீங்கின காலை நீட்டிக்கொண்டு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, மேலகரம் வழியாக, சீசன் கூட்டம் அத்தனையும் பார்க்க, நான் போனேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிரே வந்த டவுன் பஸ் ஜன்னலில் ஒரு தலை நீண்டது. ஹெட்கிளார்க் ஹரிஹரசுப்பிரமணியன், குளித்துத் திருநீறு பூசி, பட்டையோடு.

"ஓய்! கியர் பிரமாதமா வேலை செய்யறது போலிருக்கே!"

சந்தனமாரி சிரித்த சிரிப்பு முதுகு குலுங்குவதில் எனக்குத் தெரிந்தது. எதிர்காற்று அடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒரே சீராக மிதித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியுமா? "இந்தப் பெடலுக்கு மட்டும் ரப்பர்க் கட்டை மாத்திட்டா..." என்று ஆரம்பித்தேன். "எறங்கி நடக்கியளா?" என்றாள். தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குற்றாலம் தாண்டி, ஐந்தருவி ஏற்றம் வந்தது. அந்த ஏற்றம்! எத்தனை வருஷம் என் தூக்கத்தைத் தின்ற ஏற்றம்! பாதி மேடு ஏறியதும் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. என்ன செய்தாள் தெரியுமா? காலை ஊன்றினாள். இறங்கினாள். நான் உட்கார்ந்தபடியே இருக்க, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். அவ்வளவுதான். வண்டி ஏறிவிட்டது. போகிறவர் ஒருவர் தானாக வந்து பின்னால் ஒரு கை கொடுத்தார். கால் ஊனக்கூடாது என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், வேறு எவரும் கேட்கவில்லை. இறங்கித் தள்ளினால் ஏறிவிடும் மேட்டுக்கு நான் ஐந்து வருஷம் சாமான் சேர்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, வெளியே சொன்னால் வெட்கம். நல்லவேளை, முகமெல்லாம் சாரல்.

அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். கம்பிக்கு வெளியே ஒரு கல்லில் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "இங்கனயே இரிங்க. அன்னா, அந்தப் பாறைக்குக் கீழ வந்து நின்னு உங்களுக்குக் கையக் காட்டுவேன். பாத்துக்கிட்டே இரிங்க, என்ன?"

"பாக்கேன், பாக்கேன். போ."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வரிசை மெள்ள நகர்ந்தது. அவளுக்கு முன்னால் பத்துப் பேர், எட்டுப் பேர். சும்மா உட்கார்ந்திருந்தவன் கை தற்செயலாகக் கேரியரில் பட்டது. ஆடிற்று. பார்த்தால், பின்பக்கத்து நட்டு லூசு. நான் உட்கார்ந்து வந்த கேரியர்! திரும்பிப் போகையில் கழன்றுவிட்டால்? இடுப்பைத் தொட்டேன். ஸ்பேனர் இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே? குனிந்தேன். நட்டு மரை போயிருந்தது. ஒரு வாஷர் கொடுத்தால் நிற்கும். சட்டைப் பையில் வாஷர் இருந்தது, எப்போதும் இருக்கும். முடுக்கிவிட்டு நிமிர்ந்தேன்.

சந்தனமாரி எதிரே நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று. உதடு குளிரில் நடுங்கிற்று. முகம் பூரித்துக் கிடந்தது.

"பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் கறுப்பு மசி. ஸ்பேனரை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.  பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் தலைப்பால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் அந்தப் பூரிப்பு வடிந்ததை மட்டும் நான் முழுக்கப் பார்த்தேன்.

விளாத்திகுளம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வண்டி இப்போது ரெடி. ஃபோர்க் மாற்றியாயிற்று, கியர் மூணும் வெண்ணெயாக விழுகிறது, பெல்கூட மாட்டிவிட்டேன். இங்கே ஒரு மேடு கிடையாது, கண்ணுக்கு எட்டின தூரம் சமதரை. அருவியும் கிடையாது. "வாயேன், சும்மா ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்" என்று போன வாரம் கூப்பிட்டேன். "எங்க?" என்று கேட்டாள் சந்தனமாரி. நான் பெல்லை ஒருதரம் அடித்துப் பார்த்தேன். அவளுடைய மெத்தை இப்போது தண்ணீர்க் குடத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே சும்மாடாக இருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரமும் நன்றாகச் சிரித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் சைக்கிளே இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்திருக்கும். சைக்கிள்தான் வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? பாதி கட்டின மாடி ஒன்று உங்களுக்கு இருக்காதா? "இந்தப் பரீட்சை மட்டும் பாஸாயிட்டா", "இந்த புரமோஷன் மட்டும் வந்துட்டா" என்று எதையோ தலைகீழாக நிறுத்தி வைத்து நீங்களும் முடுக்கிக்கொண்டிருக்கவில்லையா? உள்ளே எவரோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். வீட்டுக்குள் சத்தமே இல்லையென்றால் வாடகை சைக்கிள் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். வந்து கூப்பிட்டால் மறுபேச்சு பேசாமல் ஏறிக்கொள்ளுங்கள். கையை மட்டும் முதலில் கழுவிவிடுங்கள்.